தொடுதிரைக்கு வைத்த பொட்டு

கல்வித் தொழில்நுட்பம் என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. அதில் முதுகலைப் பட்டம் வாங்கியவள் நான். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். நாற்பதைத் தாண்டிய பிறகு, சனி ஞாயிறு வகுப்புக்காகப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். "இந்த வயசுல என்னத்துக்கு டீச்சர்?" என்று பள்ளியில் கேட்காத ஆளில்லை. காரணம் ஆறாம் வகுப்பின் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண்ணுக்குக் காது சரியாகக் கேட்காது. முகாமில் கொடுத்த கருவி கீச்சென்று கத்துகிறது என்று கழற்றிப் பையில் போட்டுவிடுவாள். என் வாயைப் பார்த்துத்தான் பாடம் பிடிப்பாள். நானோ கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசுகிறவள். நான் முதுகைத் திருப்பியதும் அவளுக்குப் பாடம் அறுந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கு ஒரு பெரிய தொடுதிரை வந்தது. நான் பேசுவதெல்லாம் அதில் தமிழ் எழுத்தாக ஓடினால் அவளும் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பாள் என்று தோன்றியது. அப்படிப் பாடம் செய்ய எனக்குத் தெரியவில்லை. அதைக் கற்றுக்கொள்ளத்தான் போய்ச் சேர்ந்தேன். வேறு பேராசை எதுவும் கிடையாது.

முதல் வகுப்பில் பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பழுப்பேறிய நோட்ஸைப் பிரித்து, "எழுதிக்கங்க" என்றார். தலைப்பு, பவர்பாயின்ட்டின் நன்மைகள். கமா, முற்றுப்புள்ளி உட்பட அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன்மேல் அவருடைய சாப்பாட்டுப் பை இருந்தது.

செய்முறை என்றால் ரெக்கார்டு நோட்டு. ஸ்லைடுகளைப் பென்சிலால் வரைந்து, ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் கட்ட வேண்டும். 'இங்கே கிளிக் செய்யவும்' என்று ஒரு பொத்தானையும் பேப்பரில் வரையச் சொன்னார்கள். ஸ்கேல் வைத்து வரைந்தேன். எந்த முட்டாள் அதை அமுக்கிப் பார்ப்பான் என்று யோசித்தபடியே வண்ணமும் தீட்டினேன். என் பொத்தானுக்கு நிழல் சரியாக விழவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

அடுத்து, சித்தன்னவாசலுக்கு மெய்நிகர் சுற்றுலா ஒன்று தயாரிக்க வேண்டும். அதுவும் சார்ட்டில்தான். என்னோடு படித்தவர் ஒருவர், அவரும் வாத்தியார்தான், பொறுக்க மாட்டாமல் எழுந்து, "இந்தா இருக்கு சார், பஸ் ஏறுனா நேர்லயே பாத்துட்டு வந்துரலாமே" என்றார்.

"நேர்ல பாக்குறது சிலபஸ்ல இல்லங்க" என்றார் பேராசிரியர். சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தாலாவது மன்னித்திருப்பேன். அவர் நிஜமாகவே சொன்னார்.

கற்க வேண்டியதை வீட்டில் உட்கார்ந்து நானே கற்றேன். செல்போனில் பார்த்துப் பார்த்து, 'ஒலி' என்ற பாடத்தைப் படமாகச் செய்து, கீழே எழுத்து ஓடவிட்டேன். 'அலைநீளம்' என்று நான் சொன்னதை அந்தச் செயலி 'அழ நேரம்' என்று எழுதிக் காட்டியது. வரிவரியாகத் திருத்தினேன். கண் எரிந்தாலும் அந்த ஒரு வேலை மட்டும் எனக்கு இனித்தது.

படிப்பு முடிய, வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் எங்கள் பள்ளிக்கே வந்து என் வகுப்பைப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். வியாழக்கிழமை தலைமை ஆசிரியரிடம் கெஞ்சி, உறை போட்டு மூடியிருந்த தொடுதிரையைத் திறந்து ஓட்டிப் பார்த்தேன். எழுத்து பளிச்சென்று வந்தது. அந்தப் பெண்ணுக்குத் தலைப்பை மட்டும் காட்டி, "நாளைக்கு ஒனக்கு எல்லாமே எழுத்துல வரும்" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். மறுநாள் தலைக்கு எண்ணெய் வைத்து, புது ரிப்பன் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

தலைமை ஆசிரியர் கெட்டவர் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் பீரோ, மணி, கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார். என் தேர்வு நல்லபடியாக நடக்கட்டும் என்று அன்று தொடுதிரைக்கும் வைத்துவிட்டார். சட்டத்தின் உள்விளிம்பில், நான்கு மூலையிலும், சந்தனத்தைக் குழைத்து அப்பி, மேலே குங்குமம். விரல் எங்கே படுகிறது என்று அந்த விளிம்புதான் பார்த்துச் சொல்ல வேண்டும். சந்தனத்தை அது விரல் என்று நினைத்துக்கொண்டது. யாரோ ஓயாமல் அழுத்துவதுபோல் திரையில் கண்டதெல்லாம் திறந்து மூடியது. என் பாடம் மட்டும் திறக்கவில்லை.

தேர்வாளர் வந்து நிற்கிறார். நான் முந்தானையால் துடைக்கப் போனேன்.

"டீச்சர், டீச்சர்! வெள்ளிக்கெழமையும் அதுவுமா பொட்ட அழிக்காதீங்க" என்று தலைமை ஆசிரியர் பதறினார்.

"விடுங்க மேடம்" என்றார் தேர்வாளர். "எனக்கு இன்னும் அங்கிட்டு ஒரு ஸ்கூல் பாக்கணும். சார்ட் இருக்குல்ல? இந்த ஸ்கிரீன்கிட்ட ஒரு பிள்ளைய நிறுத்துங்க. போட்டோ எடுத்தாப் போதும்."

திரையை அணைக்கச் சொன்னார். முதல் பெஞ்சில் இருந்ததால் அவளைத்தான் கைகாட்டிக் கூப்பிட்டார். அவள் விரலைப் பிடித்து இருட்டுத் திரையில் ஊன்றி வைத்தார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "எழுத்து வரலியே டீச்சர்" என்றாள்.

"சிரிம்மா" என்றார் அவர். அவளுக்குக் கேட்கவில்லை. தன் வாயை இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டினார். சிரித்தாள். படம் எடுத்துக்கொண்டார்.

பிறகு தலைமை ஆசிரியர் அறையில் டீ, வடை. வடை எண்ணெய் மினுங்கும் கையாலேயே எனக்கு மதிப்பெண் போட்டார். நல்ல மதிப்பெண்தான். "பிரமாதமா பண்ணிருக்கீங்க மேடம்" என்றார். எதைப் பண்ணினேன்? எச்சில் இலையை நீட்டி விருந்து என்று சொன்னதுபோல் இருந்தது எனக்கு. அங்கே நிற்கவே அருவருப்பாக இருந்தது.

குழாயடியில் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தேன். சாமி கோபித்துக்கொண்டால் என்னிடம் கோபித்துக்கொள்ளட்டும் என்று நான்கு பொட்டையும் வழித்துத் துடைத்தேன். திரையைப் போட்டேன். பாடம் ஓடியது. நான் வாயே திறக்கவில்லை. அவள் என்னைப் பார்க்கவும் இல்லை. உதடு அசைய, ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே போனாள். கடைசியில் திரையில் ஒரு கேள்வி வந்தது. ஒலி எதன் வழியே செல்லாது?

"வெற்றிடம்!" என்று அவள் கத்தினாள். தன் குரல் எவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரியாது.

"என்ன சத்தம் அங்க?" என்று தலைமை ஆசிரியர் ஓடிவந்தார். பின்னாலேயே தேர்வாளரும் வந்து எட்டிப் பார்த்தார். "அட, ஓடுதா?" என்றவர், செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார். "பரவால்லங்க. போட்டோதான் ஏற்கெனவே எடுத்தாச்சே."

அந்தப் படம் என் ரெக்கார்டில் ஒட்டியிருக்கிறது. 'மாணவி தொடுதிரையைப் பயன்படுத்துகிறார்' என்று கீழே எழுத வைத்தார்கள். பட்டமளிப்பு விழாவுக்கு நான் போகவில்லை.

தலைமை ஆசிரியர் இன்றும் வெள்ளிக்கிழமை தவறாமல் பொட்டு வைக்கிறார். நான் இப்போது சண்டை போடுவதில்லை. நான் வகுப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் ஈரத்துணியோடு ஸ்டூலில் ஏறி நிற்கிறாள்.