இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஓர் ஒத்திகை

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. சுதா அக்கா வீட்டு டைனிங் டேபிளில் ஓர் இன்டர்வியூ நடந்துகொண்டிருந்தது. அதிகாரி – சுதா அக்கா. எதிரே அவருடைய பதினாலு வயது மகள் யாழினி. பார்வையாளர் – இரண்டாவது தோசையில் இருந்த நான்.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரையும் சொல்லப்போவதில்லை. பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் பிடிக்க ஓடும் நியூ ஜெர்சி ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

"உனக்கு ஏதாவது ப்ராப்ளம் இருக்கா?"

"நோ. வி ஆர் ஃபைன்."

"சிரிச்சுட்டே சொல்லணும். மூஞ்சியப் பார்த்துச் சொல்லணும். மறுபடி சொல்லு."

விசா ஸ்டாம்பிங்குக்கா இத்தனை தயாரிப்பு? இல்லை. எங்கள் ஊர் நிர்வாகமான டவுன்ஷிப் நடத்தும் யூத் சென்டருக்கு இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது... அதற்கு.

ஸ்கூல் விட்டதும் பிள்ளைகள் போகிற இடம் அது. பிங்பாங், ஹோம்வொர்க் கிளப், புதன்கிழமைகளில் என் கோடிங் வகுப்பு. அதே புதன்கிழமை, மூலையில் இருக்கிற சின்ன அறைக்கு, பிள்ளைகள் மனசு விட்டுப் பேசுவதற்காக ஒரு கவுன்சலர் வருவார். எந்தப் பிள்ளையும் கதவைத் தட்டலாம். யாழினி தட்டுவாள். அவள் அப்பா இங்கே வேலை போய், டெக்சாஸில் – ஆலன் என்ற ஊரில் – வேறு வேலை கிடைத்து, தனியாகப் போய்விட்டார். அப்போதிலிருந்து இவள் ஸ்கூலில் லஞ்ச் பாக்ஸைத் திறப்பதில்லை.

"அந்த மேடம்கிட்ட பேசிட்டு வர்ற அன்னிக்குத்தான் தம்பி இவ ஒழுங்கா சாப்பிடுறா." இதை என்னிடம் சொன்னதே சுதா அக்காதான்.

வழக்கமாக இன்ஸ்பெக்‌ஷன் என்றால் எமர்ஜென்சி கதவு திறக்கிறதா, ஊழியர்களுக்கு முதலுதவி தெரியுமா என்று பார்ப்பார்கள். இந்த முறை பிள்ளைகளிடமே நேரில் கேட்கப்போகிறார்கள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் நான் போட்ட மெசேஜ்களைப் பார்த்தால், என் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறேன் என்றே நினைத்திருப்பீர்கள்.

"அம்மா, தே ஆர் செக்கிங் த சென்டர். நாட் அஸ்."

"எல்லாம் ஒண்ணுதான். கவர்மென்ட் ஆளு கேட்டா, பிரச்சினைன்னு வாயத் தொறக்கக் கூடாது. கிரீன் கார்டு லைன்ல நிக்கிறோம்."

நானும் சொல்லிப் பார்த்தேன். "அக்கா, இது வேற. மனசுல இருக்கிறதச் சொன்னாத்தான் அந்த ரூமுக்கே நல்லது."

"நீ பேச்சிலர். பேச்சிலர் தைரியம் உனக்கு. தோசையைச் சாப்பிடு."

சாப்பிட்டேன்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த பெண்மணியைக் குறை சொல்லவே முடியாது. ஷூவைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். எழுதக்கூட இல்லை, கேட்டார். நான் அதே ஹாலில் ஆப்பிள் ஜூஸ் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த மூலை அறை இல்லாமல் போனால் உங்களுக்கு எப்படி இருக்கும்? – இது அவருடைய கேள்வி.

யாழினி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள். "நத்திங். வி ஆர் ஃபைன்."

பக்கத்தில் இருந்தவனும் அதையே சொன்னான். அடுத்தவளும். எத்தனை டைனிங் டேபிள்களில் ஒத்திகை நடந்ததோ... எல்லோரிடமும் அதே வாக்கியம், அதே சிரிப்பு.

போன வாரம் டவுன்ஷிப் மீட்டிங்கில் ரிப்போர்ட்டை வாசித்தார்கள். சென்டர் சுத்தம், பாதுகாப்பு, பிள்ளைகள் மகிழ்ச்சி. எல்லோரும் கைதட்டினோம். சுதா அக்காவும் தட்டினார். அடுத்த வரி – இங்கே கவுன்சலருக்குத் தேவை குறைவாகத் தெரிவதால், அந்த நேரத்தைத் தேவை அதிகமுள்ள இன்னோர் ஊருக்கு மாற்றுகிறார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்டார்களாம்.

அக்காவின் கைகள் பாதியில் நின்றன. "தம்பி... அப்ப புதன்கிழமை?"

யார் மேல் கோபப்படுவது? பிள்ளைகளிடம் கேட்டார்கள். பிள்ளைகள் பதில் சொன்னார்கள். அதை அவர்கள் நம்பினார்கள். இதில் யாருடைய தப்பு?

யோசித்துப் பார்த்தால், இந்த வாக்கியம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். கான்சலேட் கவுன்ட்டரில், மேனேஜரிடம், ஊரிலிருந்து அம்மா போன் செய்தால் – நல்லா இருக்கோம், ஒரு குறையும் இல்லை. சொல்லிச் சொல்லி, நிஜமாகவே கேட்க ஒருவர் வந்து தரையில் உட்கார்ந்தாலும் நமக்கு அடையாளம் தெரிவதில்லை.

மீட்டிங் முடிந்து, கூட வந்திருந்த யாழினியோடு பார்க்கிங் லாட்டில் நின்றோம். சுதா அக்கா கார் கதவைத் திறக்கவில்லை.

"நான் உள்ள போய்ச் சொல்லட்டுமாடி? நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்னு?"

யாழினி நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள்.

"இட்ஸ் ஓகே மா. வி ஆர் ஃபைன்."

ஒத்திகை அவ்வளவு நன்றாக நடந்திருந்தது.