முழங்காலில் போட்ட முடிச்சு

தலவாக்கலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என் ரொட்டிக் கடை. முதல் பஸ் கிளம்பும்போது அடுப்பைப் பற்றவைத்தால் பொழுது சாயும்வரை ரொட்டிக்கல்லுக்கு முன்னால் நிற்பேன். இருபத்தாறு வருஷமாக இப்படித்தான். மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவள், மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவள், இன்றைக்குச் சொந்தக் கடைக்காரி. யார் தூக்கிவிட்டார்கள்? இந்த இரண்டு கால்கள்தான்.

போன மழைக்காலத்தில் அந்தக் கால்களே என்னை எதிர்த்தன. கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்தது. சாயங்காலம் பாதம் வீங்கி, செருப்பு வார் தடம் பதிந்து கிடக்கும். கணுக்காலுக்கு மேலே ஒரு சின்னப் புண், ஆறவே இல்லை.

மகன் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"போதும்மா. நீங்க இதுல உக்காந்து பாத்துக்கிட்டு இருங்க. ரொட்டி போட ஆள் வச்சுக்குவோம்."

"என் கல்லுல இன்னொருத்தன் கை வைக்கிறதா? அதுக்குக் கடையை மூடிட்டுத் தோட்டத்து லயத்து வீட்டுக்கே போயிருவேன்."

"புண்ணு ஆறலேன்னா?"

"ஆறும். ஆற வைப்பேன்."

எப்படி என்று தெரியாமலே சொல்லிவிட்டேன். துணி கட்டினால் வீக்கம் வடியும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கட்டுவது எனக்குப் புதிதா? மலையில் ரத்தம் உறிஞ்சும் அட்டை ஏறாமல் இருக்கக் காலில் துணி சுற்றி, முழங்காலுக்குக் கீழே கயிற்றால் இறுக்கி முடிச்சுப் போடுவோம். என் முடிச்சைத் தாண்டிய அட்டை அந்தத் தோட்டத்திலேயே கிடையாது. அதே மாதிரி கட்டிக்கொண்டு பத்து நாள் நின்றேன். பதினோராம் நாள் பாதம் பன்னைப் போல உப்பி, விரல்கள் நீலம் பாய்ந்துவிட்டன.

ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் மிஸ் சிங்களப் பெண். முடிச்சைப் பார்த்ததும் தலையில் கை வைத்தாள்.

"அம்மே, இது எதுக்கு கட்டினது?"

"அட்டைக்குக் கட்டுற மாதிரிதான் மிஸ்."

"இங்க அட்டை இல்லை. ரத்தம் இருக்கு. அது மேல போக வேணும். நீங்க கேட் போட்டிருக்கு!"

டாக்டர் காலைச் சோதித்து, கட்டுப் போடலாம் என்று சொன்ன பிறகு, அவளே துணிப் பட்டி சுற்றிக் காட்டினாள். பாதத்தில் இறுக்கம், மேலே போகப்போகத் தளர்வு. காலையில் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே கட்ட வேண்டும்.

"நிக்கிறதும் விட வேணும்."

"அது மட்டும் முடியாது மிஸ். வேற சொல்லுங்க."

அவள் சிரித்துவிட்டு வேறு சொன்னாள். நின்றாலும் மரம் மாதிரி நிற்காதே, குதிகாலைத் தூக்கு, கால் மாற்று, நடுவில் படுத்துக் காலை உயர்த்து.

சொன்னதோடு விடுவேனா நான்? சில்லிடும் சிமெந்துத் தரையில் சாக்கை நாலாக மடித்துப் போட்டேன். ஒரு செங்கல்லை வைத்துக் காலை மாற்றி மாற்றி ஊன்றினேன். ரொட்டியைப் புரட்டும் ஒவ்வொரு தடவையும் குதிகால் எழும்பி இறங்கும்.

"என்னக்கா, காலுல பட்டி, குதிச்சுக் குதிச்சு ரொட்டி... பட்டாளத்துல சேந்துட்டீங்களா?" என்றான் ஒரு கண்டக்டர்.

"ஆமா, ஒன் பசியோடதான் சண்டை. தின்னுட்டு பஸ்ஸைப் பாரு!"

வாராவாரம் மிஸ்ஸிடம் புண்ணைக் காட்டினேன். மெல்ல மெல்ல மூடிக்கொண்டது. பட்டியை மட்டும் விடவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கடைக்குப் பின்னால் பாயில் படுத்து, இரண்டு காலையும் சிவப்பு நாற்காலிமேல் போட்டிருந்தேன். மகன் எட்டிப் பார்த்தான்.

"நாற்காலி வேணாம்னீங்க?"

"நான் உக்கார மாட்டேன்னுதான்டா சொன்னேன். என் காலு உக்காரும். போ, கல்லு காயுது, எண்ணெய் தடவி வை. இந்தா எந்திரிச்சு வாரேன்."