நாலு பவுண் அம்பு

ஒரு மானுக்கு எவ்வளவு பாரமான அம்பு வேண்டும் என்ற கேள்வி அந்த இலையுதிர்காலம் முழுக்க என்னோடு பஸ்ஸில் வந்தது. மொன்றியலின் சென்ட் லோரன்ட்டில் விமான உதிரிப்பாகங்களை அளந்து பார்ப்பது என் வேலை. கையில் உலோகம் இருக்கும். மனம் ஏதோ ஒரு காட்டில் அம்பின் பின்னால் போய்க்கொண்டிருக்கும்.

வில் பழகியதே கூட வேலை செய்யும் கியூபெக்காரியால்தான். ஆற்றுக்கு அப்பால், புரோசார்ட்டையும் தாண்டி, அவளது குடும்பத்துக்கு ஒரு மேப்பிள் காடு இருந்தது. முதலில் விளையாட்டாகத்தான் போனேன். நாணை இழுத்துப் பிடித்து நிற்கும்போது தலைக்குள் இருக்கும் இரைச்சலெல்லாம் அடங்கிவிடும். அதற்காகவே திரும்பத் திரும்பப் போனேன்.

மான் வேட்டை என்றதும் என் வீட்டுக்காரர் ஒரு நிபந்தனை வைத்தார். இறைச்சி சாப்பிடுகிற மனிதர்தான், ஆனால் துடிப்பதைப் பொறுக்கமாட்டார்.

“பட்டால் அது சட்டெண்டு போயிட வேணும். உம்மட அம்போடை காட்டுக்குள்ளை ஓடித் திரிஞ்சுதெண்டால், பேந்து நீர் வில்லைத் தொடக்கூடாது.”

“ஓம்” என்று சொல்லிவிட்டேன்.

வில் கடைக்காரர் மெல்லிய அம்பைத்தான் நீட்டினார். எனக்குக் கையில் பலம் குறைவு. மெல்லியதென்றால் விரைந்து நேராகப் போகும், தூரத்திலிருந்தே விடலாம் என்றார். கியூபெக் தோழி ஒத்துக்கொள்ளவில்லை. மெல்லியது எலும்பில் பட்டால் நின்றுவிடும், பாரமானது மெதுவாகப் போனாலும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும் என்றாள். பட்டதும் விரியும் முனையும் என் வில்லுக்குச் சரிவராதாம். இரண்டு அலகுள்ள, அசையாத, பாரமான முனைதான் வேண்டுமாம். ஆனால் அப்படிப்பட்ட அம்பு சீக்கிரம் தாழ்ந்துவிடும். மான் கிட்ட வரும்வரை காத்திருக்க வேண்டும்.

எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில், சமையலறை மேசையில், நகை நிறுக்கும் சின்னத் தராசை எடுத்து வைத்தேன். கடைக்காரர் கிரெய்ன் என்ற எடைக்கணக்கில் சொன்னது எதுவும் மண்டையில் ஏறவில்லை. தங்கத்தைப் போலப் பவுணில் நிறுத்துப் பார்த்தேன். மெல்லியது முனையோடு மூன்று பவுணுக்குக் கொஞ்சம் குறைவு. பாரமானது நாலு பவுண்.

“தாலிக்கொடியே செய்யிறீர்?” என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார் வீட்டுக்காரர்.

நாலு பவுணையே எடுத்தேன். பயிற்சிக்கூடத்தில் அந்த அம்பு போவது கண்ணுக்குத் தெரிந்தது. அவசரமே இல்லாமல் போனது.

வேட்டைக்காலத்துக்குள்தான் சரஸ்வதி பூசையும் வந்தது. மானுக்கு மூக்குத்தான் கண் என்று தோழி எச்சரித்திருந்ததால், உடுப்புகளை மணமில்லாத சவர்க்காரத்தில் தோய்த்து, தாளித்த வாசம் படாமல் பையில் கட்டிப் பால்கனியில் வைத்திருந்தேன். அவ்வளவு கவனமாக இருந்தவள்தான் அம்புகளைப் படத்துக்கு முன்னால் வைத்து, ஒவ்வொன்றுக்கும் என் கையாலேயே சந்தனமும் குங்குமமும் பூசினேன். வீட்டில் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் வைப்பதுதானே. விஜயதசமிக்கு எடுத்து அப்படியே பையில் போட்டேன். மணக்குமே என்று ஒரு கணமும் தோன்றவில்லை.

காட்டில் கிளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அம்பை நாணில் பொருத்தியபோதுதான் மூக்கில் ஏறியது. எங்கள் சாமியறை அப்படியே வந்து பக்கத்தில் குந்தியிருந்தது. சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வரப்பார்த்தது. துடைக்க மனம் வரவில்லை. மொன்றியல் பனிமூட்டத்துக்கு அப்பால் எங்கோ இருந்தது, அல்லது இல்லாமலே போயிருந்தது. இலைகள் ஒவ்வொன்றாக யோசித்து யோசித்து விழுந்தன. நான் விழித்துத்தான் இருந்தேனா என்பது இன்றைக்கும் நிச்சயமில்லை.

பனிக்குள்ளிருந்து கொம்புகள் முதலில் வந்தன, பிறகுதான் மான். மெல்லிய அம்பென்றால் அப்போதே விட்டிருக்கலாம். நாணை இழுத்துப் பிடித்தபடி காத்திருந்தேன். அது தலையைத் தூக்கி என் பக்கம் மூக்கை நீட்டியது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் அது ஓடவில்லை. ஒரு காலை வைத்தது, மோந்தது, இன்னொரு காலை வைத்தது. அந்தக் காட்டில் அது அறியாத மணம். என்னவென்று பார்க்க ஆசைப்பட்டிருக்க வேண்டும். கலியாண வீட்டு வாசலில் சந்தனம் கொடுப்பதுபோல நான் அதை உள்ளே அழைத்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு நொந்தது. நாணை மட்டும் தளர்த்தவில்லை.

பக்கவாட்டில் திரும்பியபோது விட்டேன். அம்பு அதை ஊடுருவி அப்பால் மண்ணில் குத்தி நின்றது. மான், தன்னைத் தாண்டி யாரோ போனதுபோல, திரும்பிப் பார்த்தது. பட்டதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. சற்று நடந்தது. பிறகு முன்கால்களை மடித்துப் படுத்தது. நான் கிட்டப் போனபோது மூச்சு அடங்கியிருந்தது.

அங்கிருந்தே வீட்டுக்கு அழைத்தேன்.

“ஓடினதோ?”

“இல்லை.”

“நொந்துதோ?”

“இல்லையப்பா. அதுக்கே தெரியேல்லை.”

“அப்ப நல்லதுதானே. வில்லை நீர் வைச்சிருக்கலாம். ஏன் அழுறீர்?”

அது ஓடியிருந்தால் கொடுத்த வாக்கே என் கையிலிருந்து வில்லை வாங்கி வைத்திருக்கும். இனி அதை எடுப்பதா வைப்பதா என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். ஓடியிருக்கலாமே என்று, சூடு ஆறாத அந்த உடம்பின் பக்கத்தில் இருந்துகொண்டே, நான் ஆசைப்பட்டேன்.