கடைசி ஆளின் ஜாக்கெட்

எங்கள் ஓட்டம் பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், ஐந்து கிலோமீட்டர். கரமனையில் எங்கள் தெருமுனையில் கிளம்பி, ஸ்ரீவராகம் வரை போய், ஆற்றோரச் சாலை வழியாகத் திரும்பி வரவேண்டும். வசூலாகிற பணம் எங்கள் வார்டின் பாலியேட்டிவ் குழுவுக்குப் போகும். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, புண் துடைத்து, மருந்து கொடுத்துவிட்டு வருகிறவர்கள் அவர்கள். அவர்கள் கொண்டுபோய்ப் போடுகிற காற்றுப் படுக்கைகளில் பாதி இந்த ஓட்டத்தில் வந்தவைதான்.

நான் ஓட ஆரம்பித்ததே ஐம்பத்திரண்டு வயதில், சர்க்கரை வந்த பிறகு. நான் சொல்லவருகிற வருஷம் எனக்கு அறுபத்துமூன்று நடந்துகொண்டிருந்தது. வேகமாக ஓடியவன் இல்லை. ஆனால் என் வயசுக்காரன் ஒருவன் என்னை முந்திப் போனால் அவன் முதுகு எனக்கு ஒரு வாரத்துக்கு மறக்காது, அப்படி ஒரு ஜன்மம். ஓடுவதைவிட ஓட்டம் நடத்துவது கஷ்டம். டி-ஷர்ட் அளவு ஒரு வருஷமும் சரியாக வந்ததில்லை. சாலையில் சுண்ணாம்புப் பொடியால் அம்புக்குறி போட்டுவைத்தால் விடிவதற்குள் மழை வந்து கழுவிவிடும். ஆரம்பிக்கும் முன் ஒரு பெண் மேடையில் ஏறி எல்லாரையும் ஜும்பா ஆடவைப்பாள், அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கவேண்டும்.

இதில் ஸ்வீப்பர் என்று ஒரு வேலை உண்டு. கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் பின்னால் வருகிறவர் அவர். அவருக்கு ஒரே விதிதான், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. முன்னால் போகிறவர் நடந்தால் அவரும் நடக்கவேண்டும், உட்கார்ந்தால் உட்காரவேண்டும். அவர் போட்டிருக்கிற ஆரஞ்சு ஜாக்கெட் முடிவுக் கோட்டைத் தாண்டினால் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு தண்ணீர் மேஜைகளை மடக்கலாம், போலீஸ்காரர் வீட்டுக்குப் போகலாம், ஆம்புலன்ஸை அனுப்பிவிடலாம். இதையெல்லாம் எழுதி, அச்சடித்து, தொண்டர்களுக்குக் கொடுத்து, ஒப்பிக்கவும் வைத்தவன் நான்தான்.

அந்த வருஷம் ஸ்வீப்பராக வரவேண்டியவருக்கு முந்தின நாள் காய்ச்சல். வேறு ஆள் அகப்படாமல் நானே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டேன்.

"ரிடையர் ஆனப்புறம் நன்னா ஸ்வீப்பர் போஸ்ட் கிடைச்சிருக்கு" என்றாள் என் மனைவி. சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் எரிச்சல்தான். பதினோரு வருஷமாக நடுவில் வந்தவன், கடைசியாக வந்ததில்லை.

கடைசி ஆளாக என் முன்னால் நடந்தவர் ஸ்ரீவராகத்தில் இருந்த என் நண்பர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், அவர் மனைவியை மன்னி என்பேன். சாயங்காலம் குளத்தைச் சுற்றி இரண்டு சுற்று நடப்பார். அதற்கு மேல் அவர் ஆசைப்பட்டதில்லை. நான்தான் மூன்று மாதம் நச்சரித்து, "ஒரே ஒரு தடவை அண்ணா, ஃபோட்டோவுக்காவது" என்று கெஞ்சி வரவழைத்தேன். வெளிநாட்டில் இருக்கும் அவர் மகள் இதற்காகவே ஓட்டக்காரர்கள் கட்டுகிற கைக்கடிகாரம் ஒன்றை அனுப்பினாள். அவளும் ஓடுகிறவள். நாங்கள் மூன்று பேரும் எங்கே, எவ்வளவு வேகத்தில் போனோம் என்பது செல்போனில் ஒரு ஆப் வழியாக ஒருவருக்கொருவர் தெரியும்.

மூன்றாவது கிலோமீட்டர் தாண்டி ஆற்றோரச் சாலைக்கு வந்தபோது எங்களுக்கு முன்னால் கண்ணுக்கு எட்டின தூரம் வரை யாரும் இல்லை. அண்ணா நடை தளர்ந்துவிட்டிருந்தார். டி-ஷர்ட் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"நீ போடா. நான் மெள்ள வரேன். என்னால உனக்கும் நாழியாறது."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை அண்ணா. நான் ஸ்வீப்பராக்கும்" என்றேன்.

இடது தோளைத் தேய்த்துக்கொண்டே நடந்தார். அதை நான் கவனிக்கவில்லை என்று எழுத எனக்கு ஆசை. கவனித்தேன்.

வழியில் ஒரு சாயக் கடை, அதாவது டீக்கடை, அதன் வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். என் ஜாக்கெட்டைப் பார்த்துக் கை தட்டினார்கள். கண்ணாடி கிளாஸும் கையுமாக இருந்த ஒருவன், "அப்பூப்பா, மெள்ள மதி கேட்டோ!" என்றான். இங்கே மலையாளத்தில் அப்பூப்பன் என்றால் தாத்தா, மெதுவாகப் போனால் போதும் என்கிறான். சொன்னவனுக்கே நாற்பத்தைந்து வயது இருக்கும். அவன் கேலிகூடச் செய்யவில்லை, நல்ல மனசோடுதான் சொன்னான். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அடுத்த திருப்பத்தில் ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கினேன். கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். "அண்ணா, முன்னால போறவாளை ஒரு பார்வை பார்த்துட்டு வந்துடறேன்" என்றேன். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவர் சிரித்துக்கொண்டே போ போ என்று கையைக் காட்டினார்.

ஓடினேன். நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கால் லேசாக இருந்தது, மூச்சு சீராக வந்தது, ஆற்றுப் பக்கமிருந்து காற்று அடித்தது. முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு பெண்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும், ஜாக்கெட் இல்லாமல் போனால் என்ன ஏது என்று கேட்பார்களே என்று தோன்றியது. எடுத்துப் போட்டுக்கொண்டேன். அந்தப் பெண்களைத் தாண்டவில்லை. அவர்களுக்குப் பின்னாலேயே, விதிப்படி, கடைசி ஆளாகக் கோட்டைத் தாண்டினேன்.

மைக்கில், "ஸ்வீப்பர் எத்தி! எல்லாரும் எத்தி!" என்று, எல்லாரும் வந்து சேர்ந்தாயிற்று என்று கத்தினார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் தூரத்தில் இருந்து, போகட்டுமா என்று என்னைப் பார்த்து ஜாடை காட்டினார். போகலாம் என்று நான் கையை அசைத்தேன். அண்ணா எப்படியும் சாயக் கடையில் உட்கார்ந்திருப்பார், பரிசு கொடுத்து முடிந்ததும் ஸ்கூட்டரில் போய்க் கூட்டிவரலாம் என்று நினைத்தேன். பிரமுகர் காத்திருந்தார், என்னை மேடைக்கு இழுத்துவிட்டார்கள். மெடல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"சாரே, இவிடே ஆற்றின்றெ அருகில் ஒராள் கிடக்குந்நு. நெஞ்சத்துள்ள கார்டில் ஈ நம்பரா."

ஆற்றோரத்தில் ஒருவர் விழுந்து கிடக்கிறார் என்கிறார். ஓடுகிறவர்கள் நெஞ்சில் குத்திக்கொள்கிற நம்பர் அட்டையில், அவசரத்துக்கு என்று என் எண்ணைத்தான் அச்சடித்திருந்தோம். பேசியவர் சைக்கிளில் லாட்டரி டிக்கெட் விற்கிறவர். நான் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது அவர் ஒரு மின்கம்பத்தின் கீழ் உட்கார்ந்து, அண்ணாவின் தலையைத் தன் மடியில் வைத்து, டிக்கெட் குத்தியிருந்த அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். கூட இருந்தவர் என்று யாரையாவது சொல்லவேண்டுமானால் அவரைத்தான் சொல்லவேண்டும். அதற்குப் பிறகு அவரைத் தெருவில் எங்கே பார்த்தாலும் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டுவிடுவேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "எத்ர நேரமாயி?" என்று, விழுந்து எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்டார். "இப்போதான்" என்றேன். அண்ணா அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். கேட்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

மன்னி வந்தார். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே வந்திருந்தார், முந்தானையில் மஞ்சள் கறை. என் முன்னால் வந்து நின்று அழாமல் கேட்டார்.

"நீங்க கூட இருந்தேளா?"

"இருந்தேன், மன்னி."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை.

"கஷ்டப்பட்டாரா?"

"இல்லை. என் கையைப் பிடிச்சுண்டார்."

"ஏதாவது சொன்னாரா?"

"உங்க பேரைச் சொன்னார்."

அப்போதுதான் அவர் அழுதார்.

அன்று சாயங்காலம் வீட்டில் குளித்துவிட்டு உட்கார்ந்தபோது போனைத் திறந்தேன். வழக்கம்போல என் ஓட்டம் ஆப்பில் தானாகவே ஏறியிருந்தது. 'வாழ்த்துகள்! இந்த வருஷத்தில் உங்களுடைய வேகமான கிலோமீட்டர்' என்று ஒரு பதக்கப் படம். நாலு பேர் அதற்குப் பாராட்டுப் போட்டிருந்தார்கள். அதில் ஒன்று அண்ணாவின் மகளுடையது. காலையில், அப்பா போன சேதி அவளுக்குத் தெரிவதற்கு முன்னால் போட்டது. அந்த ஓட்டத்தை அழித்தேன்.

காரியமெல்லாம் முடிந்து பதின்மூன்றாம் நாள் சுபத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் மன்னி என்னைக் காட்டிக் காட்டிச் சொன்னார். "இவர் கையைப் பிடிச்சுண்டுதான் போனார். அந்தப் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும், சொல்லுங்கோ." யார் யாரோ வந்து என் தோளைத் தொட்டார்கள். பாயசத்தை ஒரு வாய்க்கு மேல் என்னால் விழுங்க முடியவில்லை. இலையை மடக்கிவிட்டு எழுந்தபோது மகள் மாடிக்குக் கூப்பிட்டாள். துணி உலர்த்துகிற கொடிக்குப் பக்கத்தில் நின்று, கீழே கேட்காத குரலில் பேசினாள்.

"நீங்க அழிச்சுட்டேள், மாமா. நான் அன்னிக்கே பார்த்தாச்சு. அப்பாவோடதும் என்கிட்ட இருக்கு."

நான் கொடியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு இடத்துல தூரம் நின்னுடுத்து. அதுக்கப்புறம் பதினோரு நிமிஷம் ஹார்ட் ரேட் மட்டும் ஓடிண்டே இருக்கு. அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தேள்ங்கறதும் தெரியும்."

"இப்பவே கீழே போய் மன்னி கால்ல விழுந்து சொல்லிடறேன்" என்றேன். உண்மையாகவே போகத்தான் திரும்பினேன். அவள் படியை மறித்து நின்றாள்.

"வேண்டாம். கூட ஒருத்தர் இருந்தார்னு நினைச்சுண்டுதான் அம்மா தூங்கறா. நீங்க சொல்லி உங்க பாரத்தை இறக்கி வச்சுட்டா அதை அவதான் தூக்கணும். அவ கேக்கறப்போல்லாம் அதையே சொல்லுங்கோ. ஒரு வார்த்தை மாத்தப்படாது."

திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொடியில் இருந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

அப்படியானால் இதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். எங்கள் ஊர்த் தமிழர்களில் பாதிப் பேரைப் போல மன்னிக்குத் தமிழ் பேசத்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம், தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. எனக்கு வீட்டில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். இதுவும் கோழைத்தனம்தான், தெரியும்.

அடுத்த வருஷம் ஓட்டத்தை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். பாலியேட்டிவ் குழுவினர் வீட்டுக்கே வந்தார்கள். யார் யாருக்கு எல்லாம் படுக்கை வேண்டும் என்று சொன்னார்கள். ஒப்புக்கொண்டேன். ஆற்றோரச் சாலையையாவது விட்டு வேறு வழி போடலாம் என்று பார்த்தேன். அதற்குள் மன்னி சொல்லி அனுப்பிவிட்டார். அவரும் நடக்கப் போகிறாராம், அந்த வழியாகத்தான் போகவேண்டுமாம்.

புடவைக்குக் கீழே மகள் வாங்கி அனுப்பின வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வந்தார். நம்பர் அட்டையை நெஞ்சில் குத்திவிடச் சொன்னார். பின்னைக் குத்துவதற்குள் என் விரலில் இரண்டு இடத்தில் ரத்தம் வந்துவிட்டது. ஆரஞ்சு ஜாக்கெட்டை வேறு யாருக்கும் கொடுக்காமல் நானே போட்டுக்கொண்டேன். கூட்டம் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் பின்தங்கி நடந்துகொண்டிருந்தோம். மன்னி அதிகம் பேசவில்லை. சாயக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைப் பார்த்து எழுந்து நின்றார்கள், யாரும் கை தட்டவில்லை.

மின்கம்பம் தெரிந்ததும் என் கால் தானாகவே மெதுவாயிற்று. மன்னி அதைக் கவனித்துவிட்டார்.

"இங்கயா?"

"ஆமாம், மன்னி."

ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். அந்த இடத்தைக் குனிந்து தொட்டார். புல்லும் கொஞ்சம் மணலும்தான் இருந்தது.

"எப்படி உக்காந்திருந்தேள்?"

உட்கார்ந்து காட்டினேன், லாட்டரிக்காரர் உட்கார்ந்திருந்த மாதிரியே, கம்பத்தில் முதுகைச் சாய்த்து. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். மன்னி என் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"எந்தக் கையைப் பிடிச்சுண்டார்?"

மகள் சொன்னது ஞாபகத்தில் இருந்தது. ஒரு வார்த்தை மாற்றக் கூடாது. ஆனால் எந்தக் கை என்று நான் ஒருநாளும் சொல்லியிருக்கவில்லை. யோசிக்காமல் வலது கையை நீட்டினேன்.

மன்னி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கோவிலில் பிரசாதப் பூவை ஒற்றிக்கொள்வதுபோல வலது கண்ணில் ஒருமுறை, இடது கண்ணில் ஒருமுறை ஒற்றிக்கொண்டார். என் விரல்களெல்லாம் நனைந்தன. கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. ஆம்புலன்ஸைப் போகச் சொல்லி அசைத்த கை அது.