என் வயிற்றில் மண்ணா?

போன மழைக்காலம் மலேரியாக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்ததில், எனக்கு இடப்பக்க விலாவுக்குக் கீழே கட்டிபோல வீங்கிவிட்டது. மாத்தளை மருந்துச்சாலை டொக்டர் காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை கொடுத்துவிட்டு, “மண்ணீரல் வீங்கியிருக்கு. அடிபடாமப் பார்த்துக்கங்க” என்றார்.

என் கணவருக்கு ஆட்டிறைச்சிக் கடை. அவருக்கே விளங்கவில்லை. “தினமும் ஆடு உரிக்கிறேன். ஈரல் இருக்கு, நுரையீரல் இருக்கு. மண்ணீரல்னு ஒண்ணை நான் பார்த்ததே இல்லையே!”

கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார் என்னை முறைத்தார். “மண்ணு தின்னிருக்கா. விளக்கெண்ணெய் தடவி அமுக்கிவிடு தம்பி, எறங்கிரும்.”

நான் எப்போது மண் தின்றேன்? மசக்கையில் கொஞ்சம் அடுப்பு மண் தின்றதுண்டு. அது மூத்தவன் வயிற்றில் இருந்தபோது! அதுவா இத்தனை வருஷம் உள்ளே கிடக்கிறது? குழப்பத்தோடு படுத்துக்கொண்டேன்.

எண்ணெய்க் கையோடு அமுக்க வந்த கணவர், வீக்கத்தின் விளிம்பைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டார். “அடியே, இது ஆட்டுக்குச் சுவரொட்டி இருக்கிற இடம்! அமுக்கினா கிழிஞ்சு ரத்தமா ஒழுகுமே!”

மறுநாள் டொக்டரிடம் ஓடினோம். “ஆட்டுக்குச் சுவரொட்டி, நமக்கு மண்ணீரல். ரெண்டும் ஒண்ணுதான். அமுக்கியிருந்தா உள்ளுக்குள்ளேயே வெடிச்சிருக்கும்” என்றார் அவர்.

சுவரில் எறிந்தால் ஒட்டிக்கொள்ளும், அதனால் சுவரொட்டி. சரி, மண் எங்கிருந்து வந்தது? அது டொக்டருக்கும் தெரியவில்லை.

இப்போதெல்லாம் அவர் எந்த உறுப்பின் பேரைச் சொன்னாலும், “இடத்தைத் தொட்டுக் காட்டுங்க ஐயா” என்று கேட்ட பிறகுதான் எழுந்திருக்கிறேன். நாத்தனார் மட்டும் இன்னமும் என் அடுப்பு சுரண்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்.