ழகரத்துக்கு விழுந்த ஓட்டு

எதிர்வீட்டு அம்மாளின் பெயர் எனக்குப் பல வருடமாகத் தெரியாது. பெருமைப்படும் விஷயமில்லைதான். ஆனால் அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் தெருவில் யாருக்குமே தெரியாது என்பதால், வெட்கத்தை எல்லோருமாகப் பங்கு போட்டுக்கொண்டோம். அவருக்கு ஒரு மகன். அந்த மகனின் பெயரோடு 'அம்மா' சேர்த்தால் அதுதான் அவர். என் போனிலும் அப்படித்தான் இருந்தார். அதே பெயரில் பக்கத்துத் தெருவில் இன்னொரு பையன் இருந்ததால், முறை வைத்துப் பிள்ளைகளைக் காரில் பள்ளிக்கு ஏற்றிப்போகிறவர் என்பதற்காக, 'கார்பூல்' என்று ஒரு வால் வேறு. இங்கேயும் அவர் பெயரை எழுதப் போவதில்லை. இப்போது அவர் கட்சிக்காரர், எனக்கெதற்கு வம்பு.

பிரைமரி எனும் கட்சி உள்தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, தபாலில் வந்த மாதிரி ஓட்டுச்சீட்டை எடுத்துக்கொண்டு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஏனுங்ணா, இதப் பாருங்க. நம்ம வட்டத்துக்குக் கட்சிக் கமிட்டி சீட்டு. யாருமே நிக்கலீங்க. காலியா கெடக்குது."

பார்த்தேன். பெரிய பதவிகளெல்லாம் மேலே நெருக்கியடித்துக்கொண்டிருக்க, அடியில் ஒரு வரி வெறுமையாக இருந்தது. ஊரில் தலைமைக் கழகம் வேட்பாளரை அறிவிக்கும். நாம் சுவரில் பார்த்துத் தெரிந்துகொள்வோம். வேட்பாளர் யார் என்பதையே வாக்காளனிடம் கேட்கும் இந்த ஏற்பாடு, குடியுரிமை வாங்கி இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட என்னைத் தொட்டதில்லை. பிரைமரியன்று நான் வேறெங்காவது இருப்பேன். பெரும்பாலும் சோபாவில்.

"நீங்க நிக்கப் போறீங்களா?"

"லைப்ரரி எதுத்தாப்ல ஒரு சிக்னல் வேணும்னு டவுன்ஷிப் மீட்டிங்ல ரெண்டு தடவ கேட்டேன். மூணு நிமிசம் பேச விடறாங்க, அப்பறம் மணி அடிச்சுடறாங்க. எங்க மாமனார் வந்திருந்தப்ப நடு ரோட்ல நின்னுட்டாருங்ணா, ரெண்டு பக்கமும் கார். கவுன்சிலுக்கு யார நிறுத்தறதுன்னு இந்தக் கமிட்டில பேசுவாங்களாம். அங்க உக்காந்தா மணி அடிக்க மாட்டாங்கல்ல?"

"மனு குடுக்கற தேதி முடிஞ்சிருக்குமே."

"ஓட்டுப் போடறவங்களே பேர எழுதிப் போட்டாப் போதுமாமுங்க. ஒரு கையளவு ஓட்டு வந்தாச் சரி. ஆனா அத்தனையும் ஒரே பேருக்கு விழோணும்."

"அது ஒண்ணும் கஷ்டமில்ல. உங்க பேரு..."

சமையலறையிலிருந்து என் மனைவி இருமினாள். வந்தவர் சிரித்துவிட்டார். பிறகு பெயரைச் சொன்னார். நல்ல தமிழ்ப் பெயர். நடுவில் ஒரு ழ.

"ஆரு கூப்பிடறாங்க? எங்கூட்டுக்காரரே 'இந்தாம்மா'ம்பாரு. டாக்டர் ஆபீஸ்ல மட்டுந்தான் முழுப் பேரு. அதும், யாரையோ கூப்பிடறாங்கன்னு உக்காந்தே இருப்பேன்." சீட்டை மடித்தார். "சிக்னலுக்குத்தான் நிக்கறேன். ஆனா பேர எழுதித்தான் போடோணும்னு கேட்டதுல இருந்து ஒரு ஆசை வந்துருச்சுங்ணா."

நான் கொஞ்சம் படித்தவன் என்றொரு வதந்தி தெருவில் உண்டு. அதனால் பிரசார எழுத்தாளர் பதவி எனக்கு. வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயரைப் போட்டு, ஜனநாயகத்தின் அடிவேர் பற்றி இரண்டு பத்தி எழுதினேன். முதல் பதில்: "யாருங்க இது? புதுசா வந்தவங்களா?" கேட்டவர், எங்கள் வேட்பாளர் வீட்டுப் பொங்கலை வருடா வருடம் சாப்பிடுகிறவர்.

இன்னொரு அங்கிள் உதவிக்கு வந்தார். "அட, நம்ம பையன் அம்மா! அப்படிச் சொல்ல வேண்டியதுதானே சார்?" 'பையன்' என்று நான் எழுதிய இடத்தில் அவர் பையனின் பெயரையே போட்டிருந்தார். அதற்குக் கட்டைவிரல்கள் குவிந்தன. என் ஜனநாயகத்துக்கு விழுந்தது ஒரே கட்டைவிரல். சமையலறையிலிருந்து.

பிறகு வேட்பாளர் வீடு வீடாகப் போனார். நானும் போனேன், காகிதத் துண்டுகள் சுமக்க. ஒவ்வொரு துண்டிலும் அவர் பெயர், ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில். கதவைத் திறந்தவர்கள், "வாங்க இன்னாரம்மா" என்றார்கள். அவர் நின்ற இடத்திலேயே தன் பெயரைச் சொன்னார், முதல் நாள் வகுப்பில் எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரி. ஒரு ஆன்ட்டி துண்டை வாங்கி, கண்ணாடியைத் தேடி, படித்துப் பார்த்தார்.

"ஐயோ, இவ்ளோ அழகான பேரா? ஏன்டி இத்தன நாளாச் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே ஆன்ட்டி."

பிரைமரியன்று பள்ளிக்கூட ஜிம்மில், எந்தக் கட்சி என்று கேட்டார்கள். அதுவரை நான் எதிலும் சேராதவன். அதையே ஒரு கொள்கை போலச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். எதிர்வீட்டு அம்மாளின் கட்சியைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டபோது கல்யாணப் பதிவு ஞாபகம் வந்தது. உள்ளே திரையில் விசைப்பலகை வந்தது. ழவுக்கு இசட், எச் என்று தட்டும்போதுதான் உறைத்தது: துண்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர்கள் இந்த ழவை என்ன செய்வார்கள்?

அவரவர் ஊர் வழக்கப்படி செய்திருந்தார்கள்.

சில நாள் கழித்து, தேர்தல் அலுவலகத்திலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். அவர் கணவருக்கு ஆபீஸ்; நான்தான் டிரைவர். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மாள், கண்ணாடி மூக்கு நுனியில். எந்தப் பெயரும் தேவையான எண்ணிக்கையைத் தொடவில்லை என்று காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். ஒன்றில் இசட் எச். ஒன்றில் ஒற்றை எல், மதுரைப் பக்கத்து ஆட்களாக இருக்கும். ஒன்றில் இரட்டை எல். வெறும் இசட் எங்கள் தெலுங்கு நண்பர், சந்தேகமே இல்லை.

"இவர்களெல்லாம் யார்?"

"எல்லாமே நான்தான்" என்றார் எங்கள் வேட்பாளர்.

நான் முன்னால் வந்து ழகரத்தின் பிறப்பிடம், நாவின் வளைவு, அண்ணம் என்று விளக்க ஆரம்பித்தேன். அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். வேட்பாளர் என்னை லேசாக ஒதுக்கிவிட்டு, தன் பெயரை மெல்ல ஒருமுறை சொன்னார். அந்த அம்மாள் முயன்று பார்த்தார். எல் வந்தது. மறுபடி முயன்றார், ஆர் வந்தது. "ஓ," என்றார், "எனக்குப் புரிகிறது." கூட்டிப் பார்த்தார். கையளவு வந்துவிட்டது, மேலே ஒன்றுகூட இல்லாமல்.

கடைசி வரியில் விரலை வைத்தார். மகன் பெயரும் 'அம்மா'வும். தனித்தனியாகப் பார்த்தால் மற்ற எந்த வரியையும்விட அதற்குத்தான் அதிகம் விழுந்திருந்தது. "இதுவும் நீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் தாராளமான வெற்றி. அவர் கொஞ்சம் யோசித்தார்.

"இல்லை," என்றார் ஆங்கிலத்தில். "அது என் மகனுடைய அம்மா."

"சரி, நான் மேற்கொண்டு கேட்கவில்லை" என்று அந்த அம்மாள் அந்த வரியை விட்டுவிட்டார்.

காரில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

"அவளுக்கு வருசம் பூரா ஓட்டு விழுகுதுங்ணா. இது ஒண்ணாச்சும் எனக்கு இருக்கட்டும்."

கமிட்டியின் முதல் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தவர், சட்டையில் குத்தித் தந்த பெயர் அட்டையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். சிக்னலைப் பற்றிப் பேசினாராம். மணி அடிக்கவில்லை. சிக்னல் வருமா என்று யாரும் சொல்லவுமில்லை. நான் அட்டையைப் பார்த்தேன். ழவைக் காணோம், ஒற்றை எல்.

"தப்பா அடிச்சிருக்காங்களே. மாத்தித் தரச் சொல்லலாமே?"

அவர் குனிந்து அட்டையைப் பார்த்தார். கையால் ஒருமுறை தடவிக்கொண்டார்.

"வேண்டாங்ணா. இந்த எல்லு போட்டவங்களும் சேர்ந்துதான எண்ணிக்கை வந்துச்சு."