முகம் இல்லாத யசோதை

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. வீட்டில் வேறு ஆள் இல்லாததால், தம்பியாகிய நானே இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் எழுத்தைத் திருத்தித் தருபவர் அக்காதான்.

அக்கா அடி அண்ணாமலையில் பிறந்தவர். அப்பா காலமானபோது அவருக்குப் பதினெட்டு வயது, எனக்கு எட்டு. வேங்கிக்காலில் அரசு வேலை கிடைத்ததும் அம்மாவையும் என்னையும் செங்கம் சாலைக்கு அழைத்து வந்தார். வரன்கள் வந்தன. "தம்பி படிச்சி முடிக்கட்டும்" என்றார். நான் படித்து, கல்யாணம் செய்து, மனைவியைப் பறிகொடுத்து, மறுபடியும் அக்கா வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். அவர் மட்டும் யாருக்கும் பாரமாக எங்கேயும் போய் நின்றதில்லை. எனக்காக அவர் செய்ததை எழுதினால் இந்த நினைவு மலர் போதாது. அவர் தமக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரு பொருளைப் பற்றிச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற வருடம், காரைக்குடியில் பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு யசோதை கண்ணன் படம் வாங்கினார். அந்தக் காலத்து வண்ண அச்சுப் படம். யசோதையின் புடவையில் நிஜ ஜரிகை ஒட்டியிருக்கும். ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தார்.

சில வருடம் கழித்து, போகிக்கு முந்தின நாள், விரிசல் விட்ட கண்ணாடியை மாற்றுவதற்காகப் படத்தைச் சட்டத்திலிருந்து பிரித்து மேஜையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தார். நான் வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். மற்ற சாமி படங்களின் கண்ணாடியைத் துடைத்த அதே ஈரத்துணியால் இதையும் துடைத்தேன். யசோதையின் முகம் துணியோடு வந்துவிட்டது. மடியிலிருந்த கண்ணன் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா வந்தார், பார்த்தார். "சோறு வடிக்கணும்" என்று உள்ளே போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். புதுக் கண்ணாடி போட்டுக் கூடத்திலேயே மாட்டினார். வருகிறவர்கள் கேட்டால், என் பக்கம் திரும்பாமல், "வாங்கும்போதே அப்படித்தாங்க இருந்துச்சு" என்பார். உங்களில் பலரிடம் சொல்லியிருக்கிறார். நானும் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசி மாதங்களில் மூச்சுத் திணறலால் அவர் கட்டிலைக் கூடத்துக்கே மாற்றினோம். படம் எதிரில். "அக்கா, அதைச் சரி பண்ணிடலாமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இப்ப அதுக்கு இன்னாடா அவசரம்? காபியை ஆத்து" என்றார்.

மன்னிப்புக் கேட்கத்தான் பேச்சை எடுத்தேன். காபியை ஆற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் வாய்ப்பு வரவில்லை.

இந்த மழையில் சட்டத்தைச் செல் அரித்துவிட்டது. பிரேம் கடைக்காரர், "சார், புதுசா மாட்றதுக்கு முன்னாடியே படத்தைச் சரி பண்ணிடுங்க. அப்புறம்னா மறுபடி பிரிக்கணும்" என்றார். பழைய படங்களைச் செப்பனிடும் ஒரு பெண் வந்து பார்த்தார்.

"கறையை எடுத்துடலாம், கிழிசலையும் ஒட்டிடலாம். முகம்தான் சுத்தமா இல்லையே. யாரைப் பார்த்து வரையறது?"

எனக்குப் புத்தி எங்கே போயிற்றோ, அக்காவின் போட்டோவை எடுத்து நீட்டினேன். நீட்டிய கையோடு அக்காவின் குரலும் கேட்டது: "சாமி படத்துல என் மூஞ்சியா? நல்லாருக்குடா உன் கூத்து!" சிரித்தும் விட்டேன், அழுதும் விட்டேன். அந்தப் பெண் பாவம், பயந்துவிட்டார்.

அவரை அனுப்பிவிட்டு ஒரு வாரம் யோசித்தேன். ஏழாம் நாள் பௌர்ணமி. வாசலில் ஊரே மலையைச் சுற்றி நடந்தது. உள்ளே நானும் அந்தப் படமும். படத்தைச் சரி செய்துவிட்டால் இனி யாரும் கேட்க மாட்டார்கள். அதற்குத்தான் ஆசைப்பட்டிருக்கிறேன் என்று அப்போது புரிந்தது. அக்கா எனக்காகச் சொன்ன பொய்யை, அவர் போன பிறகும் நான் வளர்க்க வேண்டுமா? புதுச் சட்டம் மட்டும் போடச் சொல்லிவிட்டேன்.

நெஞ்சடைத்த நேரங்களிலெல்லாம் ஆட்டோவோடு ஓடிவந்த எதிர்வீட்டுத் தம்பிக்கும், அக்காவுக்குத் தினமும் தலை வாரிவிட்ட பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், இறுதிவரை உடன் நின்ற உங்கள் எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

திதிக்கு வரும்போது கூடத்தில் அந்தப் படத்தைப் பார்ப்பீர்கள். வாங்கும்போது அதற்கு முகம் இருந்தது. அழகான முகம். துடைத்தவன் நான்.